சூரிய ஒளியில் பிட்காயின் மைனிங்: பண்ருட்டி முந்திரிக் கொட்டகையில் கணக்குச் சரிவருமா?

கெடிலக்கரை | கடலூர் | ஞாயிறு இரவு 9.40

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். என் அக்கா மகன் பண்ருட்டிக்கு அருகே முந்திரித் தோப்பும், அதன் ஓரத்தில் கொட்டை உடைக்கும் கொட்டகை ஒன்றும் வைத்திருக்கிறான். சென்ற மாதம் ஒரு தரகர் வந்து, பிட்காயின் என்ற மின்னணு நாணயத்துக்காக இடைவிடாமல் கணக்குப் போடும் மைனிங் இயந்திரம் ஒன்றை வாங்கிக் கொட்டகைக்குள் வைத்து, கூரையில் சூரியத் தகடுகளைப் போட்டுவிட்டால் கரண்டுச் செலவே இல்லாமல் மாதந்தோறும் வருமானம் வரும் என்றும், புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் ஓடுவதால் சுற்றுச்சூழலுக்கும் கேடில்லை என்றும் சொல்லி, ஒரே பக்கத்தில் அச்சிட்ட அட்டவணையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவன் அதை என்னிடம் கொண்டுவந்தான். நான் வணிகவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வரவு செலவைப் படிக்கத் தெரியும், மின்சாரம் தெரியாது.

எங்கள் மாவட்டத்தில் மைனிங் என்றால் இதுவரை ஒரே பொருள்தான், அது நெய்வேலி. இந்தப் புது மைனிங் அந்தப் பழைய மைனிங்கை நம்பாமல் ஓடுமா என்பதே என் கேள்வி. ஓடும் என்றால் கணக்கை விளக்குங்கள். ஓடாது என்றாலும் காரணத்தோடு சொல்லுங்கள். ஏனென்றால் "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அவன் கேட்க மாட்டான்.

மின்னளவி | புதுச்சேரி | ஞாயிறு இரவு 10.25

ஐயா, நான் மின்துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன். தரகரின் அட்டவணை எந்த இயந்திரத்தைப் பற்றியது என்று நீங்கள் எழுதவில்லை. இன்று பரவலாக விற்கும் ஆன்ட்மைனர் எஸ்21 என்றே எடுத்துக்கொள்கிறேன். அது 3,500 வாட் இழுக்கும். இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 84 யூனிட். நம் இரண்டு மாதக் கணக்கீட்டில் 5,000 யூனிட்டைத் தாண்டும். ஒரு தெருவில் பத்துப் பன்னிரண்டு நடுத்தரக் குடும்பங்கள் சேர்ந்து செலவிடும் மின்சாரத்தை ஷூ பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி தனியாகக் குடிக்கும் என்று புரிந்துகொள்ளலாம்.

இனிக் கூரைக்கு வருவோம். நம் பகுதியில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். 84 யூனிட் வேண்டுமானால் 21 கிலோவாட் தகடு வேண்டும். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் நூறு சதுர அடி என்றால் 2,100 சதுர அடி நிழல் படாத கூரை தேவை. இத்தனையும் ஒரே ஒரு இயந்திரத்துக்காக. அப்போதும் சூரியன் மாலை ஆறு மணிக்கு மறைந்துவிடும், இயந்திரமோ மறுநாள் காலை வரை காத்திருக்காது. பகலில் நேரடியாகப் பயன்படுத்தியது போக ஏறத்தாழ அறுபது யூனிட்டைப் பேட்டரியில் சேமித்தால்தான் இரவு ஓடும். அந்தப் பேட்டரியின் விலை அந்த அட்டவணையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கெடிலக்கரை | கடலூர் | ஞாயிறு இரவு 10.50

இல்லை. பேட்டரி என்ற சொல்லே அதில் இல்லை. "நாள் முழுவதும் சூரிய மின்சாரம்" என்று இருக்கிறது.

பத்து நிமிடம் | இலாசுப்பேட்டை, புதுச்சேரி | திங்கள் காலை 7.15

பிட்காயினில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகள் பதியும் பேரேட்டின் ஒரு பக்கம்) உருவாகும் என்பதால்தான் இந்தப் பெயரை வைத்திருக்கிறேன். ஆகவே என் சார்பு என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரகரின் அட்டவணை பொய் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு தரகரின் பொய்யை வைத்து ஒரு தொழில்நுட்பத்தையே எடை போட்டுவிடக் கூடாது.

உலக அளவில் நடந்திருப்பதைப் பாருங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மாற்று நிதி மையம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வின்படி, பிட்காயின் மைனிங்கின் ஆண்டு மின் நுகர்வு 138 டெராவாட் மணி, அதாவது உலக மின் நுகர்வில் சுமார் அரை சதவீதம். அதில் 52.4 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலும் அணுமின்சாரமும் சேர்ந்தது. 2022-இல் இது 37.6 சதவீதமாகத்தான் இருந்தது. நிலக்கரியின் பங்கு 36.6 சதவீதத்திலிருந்து 8.9 சதவீதமாகச் சரிந்திருக்கிறது. மூன்றே ஆண்டுகளில் இப்படி மாறிய வேறு தொழில் எது? பூட்டான் அரசின் முதலீட்டு நிறுவனமான துருக் ஹோல்டிங் நீர்மின்சாரத்தைக் கொண்டே மைனிங் செய்கிறது. எல் சால்வடோர் எரிமலை வெப்பத்திலிருந்து எடுத்த மின்சாரத்தைப் பயன்படுத்தியது. மலிவான மின்சாரம் எங்கே வீணாகிறதோ அங்கே இயந்திரம் போய் நிற்கும். அதுதான் இந்தத் தொழிலின் இயல்பு.

பழுப்பு நிலம் | நெய்வேலி அருகே | திங்கள் காலை 8.05

அந்த இயல்பின் மறுபக்கத்தையும் எழுதியிருக்கலாம். 2021-இல் சீனா மைனிங்கைத் தடை செய்யும் வரை, மழைக்காலத்தில் சிச்சுவான் மாகாணத்தின் நீர்மின்சாரத்துக்கும் வறண்ட குளிர்காலத்தில் ஜின்ஜியாங்கின் நிலக்கரிக்கும் இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அலைந்தார்கள். தடைக்குப் பிறகு பெரும்பங்கு கஜகஸ்தானின் நிலக்கரிக்கும் அமெரிக்காவின் எரிவாயுவுக்கும் போனது. 2022 பிப்ரவரியில் 'ஜூல்' என்ற அறிவியல் இதழில் வந்த ஆய்வு, அந்த இடப்பெயர்ச்சியில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கு 41.6 சதவீதத்திலிருந்து 25.1 சதவீதமாகக் குறைந்ததாகக் கணக்கிட்டது. மலிவு எங்கே இருக்கிறதோ அங்கே போகும் என்பது சரி. அந்த மலிவு ஆற்றுநீராகவும் இருக்கலாம், கரியாகவும் இருக்கலாம். இயந்திரத்துக்கு வேறுபாடு தெரியாது.

நீங்கள் காட்டிய அதே கேம்பிரிட்ஜ் ஆய்வில் இயற்கை எரிவாயுவின் பங்கு 38.2 சதவீதம் என்று இருப்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 2022-இல் அது நான்கில் ஒரு பங்குதான். நிலக்கரி விட்ட இடத்தில் கணிசமான பகுதியைப் பிடித்தது எரிவாயு. மேலும் அந்த விகிதங்கள் மைனிங் நிறுவனங்களே நிரப்பிக் கொடுத்த படிவங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. உலக மைனிங் திறனில் ஏறத்தாழ பாதியை மட்டுமே தழுவியவை. அதிலும் பெரும்பகுதி அமெரிக்காவில் உள்ளவை.

பத்து நிமிடம் | திங்கள் காலை 8.30

எரிவாயுவை விட்டது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன். படிவங்கள் நிறுவனங்கள் கொடுத்தவை என்பதும் உண்மை. ஆனால் அதைவிடச் சிறந்த தரவு இன்று யாரிடமும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். இதே இழையில் இருப்பவர்களில் எத்தனை பேர் வீட்டில் ஏ.சி. ஓடுகிறது? அக்னி நட்சத்திரத்தில் கடலூரில் இரவு முழுக்க ஓடும் ஏ.சி.க்கும் நெய்வேலிக் கரண்ட்தானே வருகிறது? துணிக்கடையின் கண்ணாடி முகப்பில் விடியவிடிய எரியும் விளக்குகளிடம் யாரும் "உன் மின்சாரம் பசுமையானதா" என்று கேட்பதில்லை. மைனிங்கிடம் மட்டும் ஏன் சாட்சி கேட்கிறீர்கள்?

மின்னளவி | புதுச்சேரி | திங்கள் பிற்பகல் 2.10

நல்ல கேள்வி; இதற்குச் சற்று நீளமாகவே விடை எழுத வேண்டியிருக்கிறது.

கடலூர்த் துறைமுகத்து மீன் ஏலத்தை எல்லோரும் பார்த்திருப்போம். ஒரு கற்பனை செய்துகொள்ளுங்கள்: கடலில் நாளுக்கு 450 மீன்தான் அகப்படும் என்று விதி இருக்கிறது. ஒரே படகு போனாலும் 450. ஆயிரம் விசைப்படகு போனாலும் 450. ஆயிரமாவது படகு கிளம்பும்போது எரியும் டீசல் கூடுமே தவிர, கரைக்கு வரும் மீன் ஒன்றுகூடக் கூடாது. ஏற்கெனவே போனவர்களின் கூடையிலிருந்து கொஞ்சம் புதியவரின் கூடைக்கு மாறும், அவ்வளவுதான்.

பிட்காயின் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. 2024 ஏப்ரலில் நடந்த பாதியாக்கத்துக்குப் (பரிசு நாணயம் பாதியாகக் குறைவதற்குப்) பிறகு ஒரு பிளாக்கை வெல்பவருக்கு 3.125 நாணயம், நாளுக்கு 144 பிளாக், ஆக 450 நாணயம். புதிய இயந்திரங்கள் சேர்ந்து பிளாக்குகள் பத்து நிமிடத்தைவிட விரைவாக வரத் தொடங்கினால், 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கணக்கின் கடினநிலையை வலையமைப்பே உயர்த்திவிடும். மறுபடியும் பத்து நிமிடம்தான்.

ஏ.சி.க்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. கூடுதலாக ஒரு ஏ.சி. போட்டால் கூடுதலாக ஓர் அறை குளிரும். நல்ல ஏ.சி. வந்தால் அதே அறை குறைந்த மின்சாரத்தில் குளிரும். மைனிங்கில் இந்த இரண்டுமே நடப்பதில்லை. 2016 காலத்து எஸ்9 இயந்திரம் ஒரு டெராஹாஷுக்கு (லட்சம் கோடி கணக்கு முயற்சிகளுக்கு) 98 ஜூல் மின்னாற்றல் செலவிட்டது, எஸ்21 அதே வேலையை 17.5 ஜூலில் முடிக்கிறது. ஐந்து மடங்குக்கு மேல் சிக்கனம். மின் நுகர்வு ஐந்தில் ஒன்றாகியிருக்க வேண்டுமல்லவா? மாறாக, 2016-இல் இருந்ததைவிடப் பல மடங்கு பெருகியிருக்கிறது. நாணயத்தின் விலை அனுமதிக்கும் எல்லை வரை எல்லோரும் இயந்திரங்களைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். மிச்சமானது முழுவதும் போட்டிக்குள் கரைந்துவிடுகிறது. ஆகவே மைனிங்கிடம் மட்டும் நான் சாட்சி கேட்பதற்குக் காரணம் உண்டு.

பத்து நிமிடம் | திங்கள் பிற்பகல் 3.45

படகு உவமை பாதிதான் பொருந்துகிறது, ஐயா. ஆயிரம் படகும் சேர்ந்து அந்தக் கடலையே காவல் காக்கின்றன. வலையமைப்பின் கணக்கைத் திருத்த நினைக்கும் ஒருவர் பாதிக்கு மேற்பட்ட படகுகளை விலைக்கு வாங்க வேண்டும். டீசல் செலவுதான் அந்தக் காவலின் கூலி. நாணயம் கூடவில்லை என்பதால் எதுவுமே கூடவில்லை என்று சொல்ல முடியாது.

மின்னளவி | திங்கள் மாலை 4.20

காவலுக்குக் கூலி உண்டு என்பதை மறுக்கவில்லை. அதே காவலை வேறு வழியில் செய்ய முடியும் என்று 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற இன்னொரு மின்னணு நாணய வலையமைப்பு காட்டியது. கணக்குப் போட்டியைக் கைவிட்டு, நாணயத்தைப் பணயம் வைத்து உறுதிப்படுத்தும் முறைக்கு மாறிய அந்த நாளில் அதன் மின் நுகர்வு 99.9 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. ஒரு தகடுகூடப் புதிதாகப் போடவில்லை. அந்தக் காவல் பிட்காயின் காவலுக்கு இணையானதா என்பது உங்கள் முகாமுக்குள் நடக்கும் விவாதம். அதில் நான் நுழையவில்லை.

பழுப்பு நிலம் | நெய்வேலி அருகே | திங்கள் இரவு 8.55

கெடிலக்கரை ஐயா கேட்ட முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். இயந்திரம் இரவில் ஓடினால் எந்தக் கரண்டில் ஓடும்?

நெய்வேலியிலிருந்து வரும் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிகிறது. எடையில் பாதிக்கு அருகில் ஈரப்பதம் கொண்ட கரி அது. அந்த நீரை ஆவியாக்கவே வெப்பத்தின் ஒரு பகுதி செலவாகிறது. அதனால்தான் ஒரு யூனிட்டுக்கு வெளியேறும் கரியமில வாயு ஒரு கிலோவைத் தாண்டுகிறது. கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும். சுற்றுப்பட்டு ஊர்களில் ஆழ்குழாய்க் கிணறு எத்தனை அடிக்குப் போனது என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தலைமுறைவாரியாகச் சொல்வார்கள்.

இந்தக் கணக்கில் நாளுக்கு 84 யூனிட் என்றால் 84 கிலோ கரி. ஒரு மூட்டை நெல்லைவிடக் கூடுதல். அவ்வளவும் அந்தக் கணக்குப் போட்டியில் ஒரு எண்ணைக் கண்டுபிடிக்க.

புதுச்சேரி நண்பர்களும் தங்களுக்கு இதில் தொடர்பில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே சொந்த உற்பத்தி என்பது காரைக்காலில் உள்ள 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் மட்டுமே. மற்றதெல்லாம் நெய்வேலி, இராமகுண்டம், கல்பாக்கம் போன்ற மத்திய மின்நிலையங்களிலிருந்து வாங்குவது.

கெடிலக்கரை | கடலூர் | திங்கள் இரவு 9.30

இதைப் படித்துக் காட்டியபோது அக்கா மகன் ஓர் எதிர்வாதம் சொன்னான். "பகலில் தகட்டிலிருந்து 84 யூனிட்டை மின்வாரியத்துக்குக் கொடுக்கிறேன், இரவில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், ஆண்டு முடிவில் கழித்துப் பார்த்தால் பூஜ்யம்தானே, பிறகு நெய்வேலி எங்கே வந்தது?" என்கிறான். வணிகவியல்காரனுக்கு இது சரியான பேரேடாகத்தான் தோன்றுகிறது.

மின்னளவி | புதுச்சேரி | செவ்வாய் காலை 6.40

பேரேட்டில் பூஜ்யம் வரும், ஐயா. ஆனால் மின்சாரத்துக்குப் பேரேடு கிடையாது. நொடிக்கு நொடி உற்பத்தியும் நுகர்வும் சமமாக இருந்தாக வேண்டும். வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்த நீரில் எது மழைநீர், எது வடவாறு வழியாக வந்த கொள்ளிட நீர் என்று யாராலும் பிரிக்க முடியாது. ஆனால் சித்திரை மாதத்தில் புதிதாக ஒரு மதகைத் திறந்தால், அந்தக் கூடுதல் நீரை எங்கிருந்து கொண்டுவர வேண்டும் என்பது மதகுக் காவலருக்குத் தெரியும். ஐப்பசியில் நான் அதே அளவு நீரை ஏரிக்குள் விட்டேனே என்று சொன்னால் அவர் சிரிப்பார்.

மின்கட்டமைப்பும் அப்படித்தான். நண்பகலில் தமிழ்நாட்டில் சூரிய மின்சாரம் தாராளமாக இருக்கிறது. மாலை ஆறு முதல் பத்து வரைதான் நெருக்கடி. அதனால்தான் உயரழுத்தத் தொழிற்சாலைகளிடம் உச்ச நேரத்துக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம் வாங்குகிறார்கள். உங்கள் மருமகன் தாராளமான நேரத்தில் கொடுத்து, நெருக்கடியான நேரத்திலும் நள்ளிரவிலும் வாங்குவார். இரவு இரண்டு மணிக்குப் புதிதாக 3.5 கிலோவாட் சுமை ஏறினால் பெரும்பாலான மாதங்களில் அதற்கு ஈடுகொடுப்பது அனல்மின் நிலையமே. ஆனி, ஆடியில் காற்றாலைகள் சுழலும்போது கொஞ்சம் மாறலாம்.

பகல் மின்சாரத்தை இரவுக்குக் கொண்டுபோவது முடியாத காரியம் இல்லை. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் நீரை மேலே ஏற்றி, நெருக்கடி நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கும் வேலையைக் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் 1980-களிலிருந்து செய்கிறது. அந்தச் சேமிப்பு வளர வளர, அதை முதலில் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வியும் வளரும்.

தணிக்கைத் தாள் | கடலூர் | செவ்வாய் காலை 10.15

சுற்றுச்சூழல் வாதம் ஒருபுறம் இருக்கட்டும். நான் பட்டயக் கணக்காளர். என்னிடம் இப்படி இருவர் இயந்திரம் வாங்கிய பிறகு வந்தார்கள், வாங்குவதற்கு முன் யாரும் வந்ததில்லை.

வலையமைப்பின் மொத்தத் திறன் நொடிக்கு 900 எக்ஸாஹாஷ் (ஒரு எக்ஸாஹாஷ் என்பது பத்து லட்சம் டெராஹாஷ்), நாணயத்தின் விலை ஒரு லட்சம் டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எஸ்21-இன் திறன் 200 டெராஹாஷ். 450 நாணயத்தில் அதன் பங்கு நாளுக்கு 0.0001 நாணயம், அதாவது 850 ரூபாய். வாரியத்தின் மின்சாரத்தில் யூனிட் 8 ரூபாய் என்று கொண்டாலும் 84 யூனிட்டுக்கு 672 ரூபாய். கையில் 178 ரூபாய் நிற்கும் என்று தோன்றும். தரகரின் அட்டவணையும் ஏறத்தாழ இங்கேதான் முடிந்திருக்கும்.

ஆனால் 2022 ஏப்ரல் 1 முதல் பிட்காயின் போன்ற மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளின் வருமானத்துக்கு 30 சதவீத வரி, மேல்வரியோடு 31.2. வாங்கிய விலையைத் தவிர வேறெந்தச் செலவையும் கழிக்க முடியாது. மைனிங்குக்கான கட்டமைப்புச் செலவு வாங்கிய விலையாகக் கருதப்படாது என்று அரசு அதே ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றத்திலேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆக வரி 178-க்கு இல்லை, 850-க்கு. 265 ரூபாய் வரி போனால் மிஞ்சுவது 585. கரண்டுக் கட்டணம் 672. நாளுக்கு 87 ரூபாய் நட்டம். இயந்திரத்தின் விலையை நான் இன்னும் தொடவே இல்லை. 2022 ஜூலை முதல் விற்கும்போது ஒரு சதவீதம் முன்கூட்டிய வரிப் பிடித்தம் என்பது தனி. அதைப் பின்னால் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

பத்து நிமிடம் | செவ்வாய் காலை 11.00

இந்தக் கணக்கில் நான் பிழை காணவில்லை. இந்தியாவில் நேர்மையாக வரி கட்டி, வாரியத்தின் மின்சாரத்தில் மைனிங் செய்ய முடியாது என்பதுதான் என் கருத்தும். விலை ஏறினால் மாறும் என்பார்கள். விலை ஏறினால் படகும் கூடும்.

அதனால் வேறொரு பாதையை முன்வைக்கிறேன். இரவில் ஓட வேண்டாம். தகடு மட்டும், பேட்டரி இல்லை, வாரியத்தின் மின்சாரமும் இல்லை. சூரியன் இருக்கும்போது ஓடட்டும், இல்லாதபோது நிற்கட்டும். டெக்சாஸில் பெரிய அளவில் நடப்பது ஏறத்தாழ இதுதான். மேற்கு டெக்சாஸில் காற்று பலமாக வீசும் இரவுகளில் மின்சாரத்தின் விலை பூஜ்யத்துக்கும் கீழே போகும். அப்போது மைனிங் நிலையங்கள் ஓடுகின்றன. வெயில் கொளுத்தி ஊரே ஏ.சி. போடும்போது அணைத்துவிடுகின்றன. நம் தென்மாவட்டங்களில் காற்றுக் காலத்தில் காற்றாலைகளைக் குறைத்து ஓட்டச் சொல்கிறார்களே, அந்த வீணாகும் மின்சாரத்தை வாங்க இப்படி ஒரு வாடிக்கையாளர் இருந்தால் காற்றாலை போடுபவருக்கு ஊக்கமாக இருக்காதா?

பழுப்பு நிலம் | செவ்வாய் பிற்பகல் 1.20

டெக்சாஸ் கதையில் கட்டண விவரத்தையும் சொல்லுங்கள். 2023 ஆகஸ்டில் ரயட் என்ற மைனிங் நிறுவனம் இயந்திரங்களை அணைத்து வைத்ததற்கும் மின்சாரத்தைத் திருப்பி விட்டதற்குமாகப் பெற்ற வரவு 3.17 கோடி டாலர். அந்த மாதம் அது எடுத்த பிட்காயினின் மதிப்பைவிட அது பல மடங்கு. படகைக் கரையில் கட்டிவைத்ததற்குத்தான் வருமானம். அந்தச் செலவை ஏதோ ஒரு வழியில் மற்ற நுகர்வோர் ஏற்கிறார்கள்.

மின்னளவி | செவ்வாய் மாலை 5.05

வீணாகும் மின்சாரத்துக்கு வாடிக்கையாளர் தேவை என்பதில் "பத்து நிமிடம்" சொல்வதை நான் முழுவதுமாகத் தள்ளவில்லை. நினைத்த நொடியில் அணைக்கக்கூடிய சுமை கட்டமைப்பை நடத்துபவருக்கு உதவியான பொருள்தான். பணியில் இருந்தபோது இப்படி ஒரு சுமை கிடைக்காதா என்று ஏங்கிய இரவுகள் உண்டு. ஆனால் காற்று வீணாவது முப்பந்தல் பக்கம், ஆண்டில் நான்கைந்து மாதம். லட்சக்கணக்கில் கொட்டி வாங்கிய இயந்திரத்தை மீதி மாதங்களில் அணைத்து வைக்க முதலாளிக்கு மனம் வருமா? வராது. புதிய மாடல் வந்தால் பழையது இரும்புக் கடைக்குத்தான் என்பதால், ஒவ்வொரு மணி நேரமும் ஓட்டியாக வேண்டும் என்ற அழுத்தம் இந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. நீரேற்று நிலையத்துக்கோ, வயல் மோட்டாருக்கோ, ஐஸ் கட்டி ஆலைக்கோ அந்த அழுத்தம் இல்லை.

உப்புக்காற்று | கடலூர் முதுநகர் | செவ்வாய் இரவு 8.10

சூரியத் தகடு பொருத்துவது என் தொழில். பகலில் மட்டும் ஓட்டுவது என்ற யோசனைக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

5 கிலோவாட் தகடு போட்டால் நாளுக்கு 20 யூனிட். தணிக்கைத் தாள் ஐயாவின் கணக்குப்படி 84 யூனிட்டுக்கு 850 ரூபாய் என்றால் 20 யூனிட்டுக்கு 202 ரூபாய். வரி போக 139. அதே 20 யூனிட்டைக் கொட்டகையிலேயே பயன்படுத்தினால் வாரியத்திடம் வாங்க வேண்டிய 20 யூனிட் மிச்சம். 8 ரூபாய் வீதம் 160. இதற்கு வரியும் கிடையாது, சில லட்ச ரூபாய் இயந்திரமும் தேவையில்லை. 2028-இல் அடுத்த பாதியாக்கம் வந்தால் விலை ஏறாதவரை அந்த 139 இன்னும் சுருங்கும். 160 சுருங்காது, கட்டண உயர்வு வந்தால் கூடும்.

இயந்திரத்துக்கு வேறு தொல்லைகளும் உண்டு. இழுக்கும் 3,500 வாட்டும் வெப்பமாகவே வெளியே வரும். மூன்று அறை ஹீட்டர்களை ஒரே இடத்தில் போட்டதுபோல. சுற்றுப்புற வெப்பம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பது இயந்திரத்தின் விதி. வைகாசியில் தகரக் கூரையின் கீழே அது நடக்காது. சத்தம் 75 டெசிபல். முந்திரிக் கொட்டகையின் தூசும் கடற்காற்றின் உப்பும் காற்றாடியை என்ன பாடு படுத்தும் என்பதை இன்வெர்ட்டர்களிலேயே பார்த்திருக்கிறேன். கார்த்திகையில் நான்கு நாள் அடைமழை பிடித்தால் அத்தனை நாளும் பூஜ்யம்.

மின்னளவி | செவ்வாய் இரவு 8.40

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தோப்பில் இலவச விவசாய இணைப்பு இருந்தால், "ராத்திரி மட்டும் அதிலிருந்து ஒரு ஒயரை இழுத்துக்கொள்ளலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒரு வகைக்கு வாங்கிய இணைப்பை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு விதிப்பார்கள். 5,000 யூனிட் ஏறும் இணைப்பு மின்மாற்றியின் கணக்கில் ஒளிந்துகொள்ள முடியாது.

கெடிலக்கரை | கடலூர் | ஞாயிறு காலை 11.20

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். இந்த இழையை முழுவதுமாக அச்செடுத்துக்கொண்டு போய் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். தரகரின் அட்டவணையில் யூனிட் ஐந்து ரூபாய் என்று போட்டிருந்ததையும், வரி என்ற பத்தியே இல்லாததையும் அவனே கண்டுபிடித்து வட்டமிட்டான். படகுக் கதைதான் அவனுக்குள் இறங்கியது. "அப்படியானால் நான் போனாலும் போகாவிட்டாலும் 450 தானா?" என்று இரண்டு முறை கேட்டான். முன்பணம் எதுவும் கொடுத்திருக்கவில்லை. இயந்திரத்தை இப்போதைக்கு வாங்கப் போவதில்லை என்று தரகரிடம் போனில் சொல்லிவிட்டான். "இப்போதைக்கு" என்ற சொல்லை அவன் விடவில்லை; நானும் வற்புறுத்தவில்லை.

தகடு போடும் ஆசை மட்டும் அவனை விடவில்லை. கொட்டை உடைக்கும் இயந்திரமும் உலர்த்தும் அடுப்பின் காற்றாடியும் பகலில்தான் ஓடுகின்றன, ஆகவே 5 கிலோவாட் போட்டால் முழுவதும் கொட்டகையிலேயே செலவாகிவிடும் என்கிறான். வீடுகளுக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் வரையிலான மானியம் கொட்டகைக்கும் கிடைக்குமா என்பது அவன் கேள்வி. என் அக்காவின் கேள்வி வேறு: 2011 தானே புயலில் தோப்பில் பாதி மரமும் பழைய கூரையும் போனதைப் பார்த்தவள், "இதுவும் பறந்து போகுமா?" என்கிறாள்.

உப்புக்காற்று | கடலூர் முதுநகர் | ஞாயிறு பிற்பகல் 12.05

அந்த மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டும், கொட்டகைக்குக் கிடையாது. அதனால் அவசரப்பட வேண்டாம். முதலில் இரண்டு மாத மின்கட்டண அட்டையைப் பார்த்துப் பகல் நேரத்துக்கு உண்மையில் எத்தனை யூனிட் செலவாகிறது என்று கணக்கெடுங்கள். 3 கிலோவாட்டே போதும் என்று வந்தாலும் வரலாம். கொட்டை வராத மாதங்களை மறக்காமல் கழித்துவிடுங்கள்.

அக்காவிடம் சொல்லுங்கள்: தகரக் கூரையின் மேல் நேரடியாகத் திருகினால் பறக்கத்தான் செய்யும். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போட்டு, சாய்வை அதிகமாக உயர்த்தாமல், துத்தநாகப் பூச்சுள்ள கம்பியில் கட்ட வேண்டும். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு நான் போய்ப் பார்த்த கூரைகளில் கழன்றவை பெரும்பாலும் கிளாம்ப் எண்ணிக்கையில் மிச்சம் பிடித்தவை. சட்டத்தின் நிலை தெரியாமல் விலை சொல்ல முடியாது; கொட்டகைக் கூரையின் உட்பக்கப் படம் ஒன்றை எடுத்து இங்கே போடுங்கள்.